பெடலில் ஒரு ‘டக்’

ராசிபுரம் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறேன். பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு வாரமாகத் தாமதமாக வந்தாள். கடிந்துகொண்டேன். “சைக்கிள மிதிக்க முடியல சார், மேடு வந்தா எறங்கித் தள்ளிக்கிட்டு வர்றேன்” என்றாள். அரசு வழங்கிய விலையில்லா மிதிவண்டிதான். மிதித்துப் பார்த்தேன். ஒவ்வொரு சுற்றிலும் ‘டக்’ என்றது.

மறுநாள் அதுவே எங்கள் பாடம்.

முதல் சோதனை, சத்தம். பற்களை எண்ணினோம்: முன்னால் 44, பின்னால் 18. பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் ஏறத்தாழ 2.4 சுற்று சுற்றும். சத்தம் பெடல் சுற்றோடு வந்தால், கோளாறு பெடல், கிராங்க், முன்பல்சக்கரம், நடு அச்சு ஆகியவற்றில் ஒன்றில்தான். மிதிப்பதை நிறுத்திய பிறகும் சக்கரச் சுற்றோடு தொடர்ந்தால் சக்கரத்தில் தேட வேண்டும்.

இரண்டாவது, ஆட்டம். ஒரு கிராங்கை ஒருவர் இறுகப் பிடிக்க, மற்றொருவர் எதிர்க் கிராங்கை அசைக்க வேண்டும். ஒன்று மட்டும் அசைந்தால் காட்டர் பின் தளர்ந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து பக்கவாட்டில் ஆடினால் நடு அச்சின் பேரிங்கைப் பார்க்க வேண்டும். மாணவியின் வண்டியில் இடது கிராங்க் மட்டும் ஆடியது.

மூன்றாவது, பல்சக்கரம். பெடலை மெதுவாகச் சுற்றிப் பின்னாலிருந்து பார்த்தால் கோணல் தெரியும். கோணியிருந்தால் செயின் கழன்று விழும். பற்கள் கொக்கிபோல் வளைந்திருந்தால் தேய்மானம். செயினையும் அளந்தோம். ஒரு பின்னுக்கும் அடுத்ததற்கும் அரை அங்குலம். எனவே 24 இடைவெளிகள் சரியாக 12 அங்குலம் வர வேண்டும். எட்டில் ஒரு பங்கு அங்குலம் கூடினால் செயினோடு பற்களும் தேய்ந்திருக்கும். புதுச் செயின் மட்டும் போதாது. சுற்றும்போது செயினருகே விரல் போகக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

காட்டர் பின் ஓர் ஆப்பு. நட்டைத் திருகினால் மட்டும் இறுகாது என்று சைக்கிள் கடைக்காரர் விளக்கினார். பழைய பின்னின் தட்டைப் பக்கம் நசுங்கியிருந்ததைக் காட்டினார். கிராங்குக்கு அடியில் முட்டுக் கொடுத்து, புதிய பின்னை அடித்து இறக்கி, பிறகே நட்டை முடுக்கினார். அப்படியே ஓட்டியிருந்தால் அச்சே கெட்டிருக்கும்.

ஆறாம் வகுப்பு விகிதத்துக்கும், எளிய இயந்திரப் பாடத்துக்கும் இதைவிட நல்ல கருவி இல்லை. தொடக்க வகுப்புப் பிள்ளைகள் பற்களை எண்ணலாம்.

அடுத்த நாள் அவள் மணியடிக்கும் முன்பே வந்துவிட்டாள். இப்போது தாமதமாக வரும் பிள்ளையிடம் நான் முதலில் கேட்பது, “வண்டி எப்படி இருக்கு?”