படத்தின் பின்புறம் எழுதுவோம்

எமது ரெய்னர்ஸ் லேன் ஊடாகச் செல்லும் பிக்கடில்லி ரயில் பாதை, அக்டன் டவுனில் பிரிந்து மறுகிளையாக ஹீத்ரோ விமான நிலையத்தை அடைகின்றது. எம்மவர் பலர் இந்நாட்டில் முதன்முதல் கால் பதித்த இடம் அதுவே.

1987 பெப்ரவரியில், இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்து அங்கே புகலிடம் கோரிய தமிழர்களைத் திருப்பி அனுப்ப அதிகாரிகள் முற்பட்டனர். விமானமேற மறுத்த அவர்கள், தம் ஆடைகளைக் களைந்து உள்ளாடையுடன் நின்று எதிர்ப்புத் தெரிவித்தனர். அக்காட்சி பத்திரிகைகளில் படமாக வெளிவந்தது.

மானத்தை உயிரினும் பெரிதெனப் போற்றும் மரபில் வந்தோர் ஏன் அவ்வாறு நின்றனர்? படம் மட்டும் இதற்கு விடை தராது. அவர்களின் அச்சத்தையும், உரிய பத்திரமற்ற ஒவ்வொரு பயணிக்கும் விமான நிறுவனங்களிடம் 1,000 பவுண் தண்டம் அறவிட அதே ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தையும் சொற்களே எடுத்துரைக்கும். யார், எங்கே, எப்போது, எதற்காக என்னும் குறிப்புகள் சேரும்போதே புகைப்படம் ஆவணமாகின்றது.

மாணவர்களே! உங்கள் வீட்டு அலுமாரியிலும் ஊரிலிருந்து வந்த படங்கள் சில இருக்கக்கூடும். அவற்றில் உள்ளோர் யாவர் என அம்மம்மாவிடமும் அப்பப்பாவிடமும் இன்றே கேளுங்கள். பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைப் பின்புறத்தில் தமிழில் எழுதிவையுங்கள். அறிந்தோர் மறைந்தபின் அவை பெயரற்ற முகங்களாகிவிடும். நீங்கள் இங்கே பயிலும் எழுத்து அதற்கும் உதவட்டும்.