நாட்டுக்கோழிக் குஞ்சு சேவலா, பெட்டையா? கண்டறியும் வழிகள்

கடலூர், சிதம்பரம் பகுதிகளில் புறக்கடையில் முட்டைக்காக நாட்டுக்கோழி வளர்ப்போர், சேவலையும் பெட்டையையும் இளவயதிலேயே பிரித்தறிவது அவசியம். பெட்டை என நம்பி வாங்கியவற்றில் பாதி சேவலாகிவிட்டால் தீவனச் செலவுதான் மிஞ்சும்.

முட்டையின் வடிவம்: கூர்மையான முட்டையில் சேவலும் உருண்டையான முட்டையில் பெட்டையும் பொரிக்கும் என்பது தவறான நம்பிக்கை. பாலினத்தை முடிவு செய்வது தாய்க்கோழியின் குரோமோசோம். ஓட்டின் வடிவம் அல்ல.

ஒரு நாள் குஞ்சு: ஆசனவாயைப் பார்த்துப் பிரிக்கும் முறை ஜப்பானில் உருவானது. பயிற்சி இல்லாதவர்கள் அழுத்திப் பார்த்தால் குஞ்சு இறக்கக்கூடும். இறக்கை இறகின் நீளத்தைப் பார்ப்பது, அதற்கெனவே உருவாக்கிய கலப்பினங்களுக்கு மட்டுமே பொருந்தும்.

6 முதல் 8 வாரம்: சேவலுக்குக் கொண்டை பெரிதாகிச் சிவக்கும்; கால்கள் தடித்திருக்கும். பெட்டைக்குக் கொண்டை சிறுத்து வெளிறியிருக்கும். ஆனால் அசில் இனத்தில் சேவலுக்கும் கொண்டை சிறியதே. எனவே கொண்டையை மட்டும் நம்பக் கூடாது.

12 வாரம்: வால் தொடங்கும் இடத்தில் முதுகு இறகுகளை விரித்துப் பாருங்கள். நீண்டு, நுனி கூராகப் பளபளத்தால் சேவல். நுனி வட்டமாக இருந்தால் பெட்டை. கொண்டையைவிட இது நம்பகமான அடையாளம்.

முட்டைக்காக வாங்குவோர், விலை சற்றுக் கூடினாலும் 3 மாதம் வளர்ந்த பெட்டைகளை இறகு பார்த்து வாங்கலாம். குஞ்சு பொரிக்க 8 முதல் 10 பெட்டைக்கு ஒரு சேவல் போதும். மீதிச் சேவல்களைத் தனியே வளர்த்து இறைச்சிக்கு விற்றுவிடலாம்.