அழைப்பாணைக்குக் காலக்கெடு வேண்டும்

அமெரிக்க காங்கிரஸ் ஒருவரைச் சாட்சி சொல்ல அழைத்தால் அவர் வந்தாக வேண்டும் என்பதை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1927-லேயே உறுதிசெய்துவிட்டது. விவரம் தெரியாமல் நல்ல சட்டம் இயற்ற முடியாது என்பதே அதற்கு அடிப்படை. வர மறுப்பவரைச் சபையே கைதுசெய்யும் பழைய வழக்கம் 1930-களோடு நின்றுபோனது. இன்று நடைமுறையில் இருப்பவை இரண்டு வழிகள்: 1857-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றவழக்கு அல்லது நீதிமன்ற உத்தரவு கேட்டு சிவில் வழக்கு. முதல் வழியில்தான் வெள்ளை மாளிகையின் முன்னாள் ஆலோசகர் ஸ்டீவ் பேனன் 2024-இல் நான்கு மாதம் சிறையில் இருந்தார். ஆனால் குற்றவழக்கைத் தொடுக்க வேண்டியது அரசின் நீதித்துறை. தன் அதிகாரிகள் மீது அரசே வழக்குப் போடுவது அரிது. எஞ்சுவது சிவில் வழக்கு. அங்கே காலம்தான் எதிரி. வெள்ளை மாளிகையின் முன்னாள் வழக்கறிஞர் டான் மெகானுக்கு 2019 ஏப்ரலில் அழைப்பாணை போனது. அவர் சாட்சி சொன்னது, சமரச உடன்பாட்டுக்குப் பிறகு, 2021 ஜூனில். அதற்குள் அதிபரே மாறிவிட்டார்.

அரசியல் சண்டையில் நீதிமன்றம் தலையிடலாமா என்று சிலர் கேட்பார்கள். ஒதுங்கி நிற்பதும் நடுநிலை ஆகாது. அது மறுப்பவருக்கே வெற்றி. சபை அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தும் என்ற அச்சம் நியாயமானதுதான். அதற்காகவே கேள்விக்கும் விசாரணைப் பொருளுக்கும் தொடர்பு தெளிவாக இருக்க வேண்டும் என்று 1957-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது; அதிபரின் சொந்த ஆவணங்களைக் கேட்பதற்கு 2020-இல் கூடுதல் நிபந்தனைகள் விதித்தது. வரம்புகள் இருக்கட்டும், தாமதம் எதற்கு? 1974-இல் அதிபர் நிக்சனின் ஒலிநாடாக்களைக் கேட்டுச் சிறப்பு அரசு வழக்கறிஞர் அனுப்பிய அழைப்பாணை வழக்கில், வாதம் கேட்ட 16 நாளில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனம் வைத்தால் முடியும். அந்த வேகத்தை மக்கள் பிரதிநிதிகளின் வழக்குகளுக்கும் சட்டம் கட்டாயமாக்க வேண்டும்.