வியர்வைக்கும் ஒரு கணக்கு உண்டு!

விளையாட்டு உடைகள் இன்று நமது புதுவைக் கடைகளில் ஆண்டு முழுதும் ஓடும் சரக்காகிவிட்டன. கடற்கரைச் சாலையில் காலை நடை போகும் பெரியவர் முதல் உப்பளம் மைதானத்தில் பயிற்சி செய்யும் மாணவர் வரை கேட்டு வாங்குகின்றனர். "உடுத்தினால் குளுகுளு" என்று உறையில் இருப்பதை நாமும் சொல்லி விற்கிறோம். அரை மணி ஆட்டத்தில் பனியன் உடம்போடு ஒட்டிக்கொண்டால் வாடிக்கையாளர் கோபிப்பது தயாரித்தவரை அல்ல, நம்மைத்தான்!

துணியைத் தொட்டுப் பார்த்தே தரம் சொல்லும் அனுபவம் நமக்கு உண்டு. ஆனால் தொட்டால் தெரியாத சங்கதி ஒன்றும் உண்டு. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் வெளியேறும். சொட்டி விழும் வியர்வையால் அந்தப் பலன் இல்லை.

இதை, உடையைத் தைப்பதற்கு முன்பே கணிப்பொறியில் கணக்கிட முடிகிறது. மனித உடலின் வெப்பச் சமநிலையைக் கணக்காக்கி 1971இல் அமெரிக்காவின் நாசாவுக்கு அளித்தார் ஸ்டோல்விக் என்ற அறிஞர். அவ்வகைக் கணக்குகளே இன்று விளையாட்டு உடைக்கும் பயன்படுகின்றன. துணியின் வெப்பத் தடை, ஆவித் தடை, ஊரின் வெப்பம், ஈரப்பதம், காற்று, ஆடுபவரின் உழைப்பு ஆகியவற்றைக் கொடுத்தால், தோலின் வெப்பம் எப்படி ஏறும், வியர்வை எவ்வளவு தங்கும் என்ற மதிப்பீடு கிடைக்கும்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஊரின் ஈரப்பதம். துணியின் ஆவித் தடையை அளக்கும் ஐ.எஸ்.ஓ. 11092 சோதனை, 35 டிகிரி வெப்பத்தில், 40 சதவீத ஈரப்பதத்தில் நடப்பது. நம்மூரில் 32 டிகிரியும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு மாலையை எடுத்துக்கொள்வோம். வியர்வையை இழுக்கும் ஆவி அழுத்த வேறுபாடு, சோதனைக் கூடத்தில் இருப்பதில் ஐந்தில் மூன்று பங்குதான்! துணி அதேதான், உலர்வது மட்டும் மந்தம். உள்நாட்டின் வறண்ட காற்றில் நல்ல பெயர் வாங்கிய சரக்கு இங்கே ஏமாற்றுவதன் காரணம் இதுவே.

ஆகவே, திருப்பூரில் கொள்முதல் செய்யும்போது விலையோடு ஜி.எஸ்.எம். கனத்தையும், ஆவித் தடை எண்ணையும் எழுத்தில் கேளுங்கள். ஆவித் தடை எண் குறையக் குறைய நல்லது. கணிப்பொறியில் சோதித்ததாகச் சொன்னால், எந்த ஈரப்பதத்துக்கு என்றும் கேளுங்கள். மொத்த வியாபாரிகள் சிலர் கூடி, கோவை சிட்ரா போன்ற ஆய்வு நிலையத்தில் மாதிரித் துணியைச் சோதிக்க விசாரிக்கலாம், செலவும் பங்காகும்.

"குளுகுளு" என்று சொல்லி ஒருமுறை விற்கலாம். "நம்மூர்ப் புழுக்கத்துக்கு இது தாங்கும்" என்று தெரிந்து சொல்பவரிடமே வாடிக்கையாளர் மறுமுறையும் வருவார்.