மசக்கையென்று மயங்காதீர்!

பாஞ்சாலங்குறிச்சி என்றதும் வீரபாண்டிய கட்டபொம்மனின் கோட்டையே நம் நினைவுக்கு வரும். 1974ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட நினைவுக் கோட்டையைக் காண ஓட்டப்பிடாரம் வழியே செல்வோர், கரிசல் நிலத்தில் சீமைக் கருவேல மரங்கள் அடர்ந்து நிற்பதையும், ஆங்காங்கே மண் பூசிய கரிமூட்டங்களிலிருந்து புகை கசிந்தெழுவதையும் காண்பர். மழை பொய்த்த ஆண்டுகளில் இவ்வட்டாரத்து ஏழைக் குடும்பங்கள் பலவற்றுக்குக் கஞ்சி ஊற்றியது இந்த மரமும் இதன் கரியுமே. ஆயினும், சோறு போடும் இந்நெருப்பிலேயே, தாயின் வயிற்றில் வளரும் சிசுவுக்குக் கேடு செய்யும் நஞ்சொன்றும் பிறக்கிறது. குடும்பத்தார் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஐப்பசி அடைமழையில் இல்லச் சந்திப்புக்காகச் சென்றிருந்தேன். ஒரு வீட்டில், ஐந்து மாதக் கர்ப்பிணியான இளம்பெண் சுவரில் சாய்ந்து தலையைப் பிடித்தபடி அமர்ந்திருந்தாள். சாரலுக்காகக் கதவும் சன்னலும் சாத்தப்பட்டிருந்தன. மூலையில் குமுட்டி அடுப்பில் கரி கனன்றுகொண்டிருந்தது. நலம் விசாரித்தேன். "மசக்கைதான் சாமி, எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ளதுதானே!" என்றார் மாமியார். அப்பெண்ணோ, "கோயிலுக்கு வந்தால் தலைவலி தெரியவில்லை சாமி, வீட்டுக்குள் வந்து அடுப்பருகே உட்கார்ந்தால்தான் வருகிறது" என்றாள்.

நான் மருத்துவன் அல்லன். அவளது தலைவலிக்குக் காரணம் இதுவே என்று அறுதியிட்டுச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆயினும் அவள் சொன்ன அந்த ஒரு வாக்கியம் என் மனத்தில் தைத்தது. அடுப்பை உடனே தாழ்வாரத்துக்கு மாற்றச் சொன்னேன். மறுநாளே மருத்துவரைக் காணும்படி வற்புறுத்தினேன். பிறகு இதுபற்றிப் படித்தும், அறிந்த மருத்துவர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

விறகோ கரியோ தாராளமான காற்றில் எரிந்தால் பெரும்பாலும் கரியமில வாயு உண்டாகும். காற்று போதாமல் புழுங்கி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்னும் வேறொரு வாயு மிகுதியாக உண்டாகும். பெயரில் உறவு உண்டே தவிர, குணத்தில் இரண்டும் வெவ்வேறு. பின்னதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணைக் கரிக்கும் தன்மையுமில்லை. கரிமூட்டத்தின் தத்துவமே காற்றைத் தடுப்பதுதான். காற்றைத் தடுத்தால்தான் கட்டை சாம்பலாகிவிடாமல் கரியாகும். ஆகவே மூட்டத்தினருகே இவ்வாயு இருந்தே தீரும். வீட்டில் கனலும் கரியடுப்பிலும் அவ்வாறே. புகை அடங்கிக் கரி செக்கச் செவேலெனக் கனலும்போது, "இனிப் புகையில்லை, உள்ளே கொண்டுவரலாம்" என்று எண்ணுகிறோம். அங்கேதான் ஏமாந்துபோகிறோம். கண்ணை எரிக்கும் புகையாவது நம்மை வெளியே விரட்டும். இந்த வாயுவோ எந்த எச்சரிக்கையும் தருவதில்லை.

இது உடலில் செய்யும் கேடு யாது? நாம் சுவாசிக்கும் பிராணவாயுவை உடலெங்கும் சுமந்து செல்வது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின். இந்த நச்சு வாயு, பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கும் மேற்பட்ட வலிமையுடன் அதனைப் பற்றிக்கொள்கிறது. இரத்தம் ஓடிக்கொண்டிருந்தும் உறுப்புகள் பிராணவாயுவின்றித் தவிக்கின்றன. பிரெஞ்சு உடலியல் அறிஞர் கிளாட் பெர்னார் 1850களிலேயே இவ்வுண்மையை ஆராய்ந்து கூறினார்.

கர்ப்பிணியின் நிலையில் ஆபத்து இருமடங்காகிறது. குழந்தை தானாகச் சுவாசிப்பதில்லை. தாயின் இரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடியின் வழியாகவே பிராணவாயுவைப் பெறுகிறது. அவ்வழியிலேயே நச்சு வாயுவும் நுழைகிறது. அது குழந்தையின் இரத்தத்தில் மெல்லச் சேர்கிறது. ஆனால் நெடுநேரம் நீடித்தால் தாயின் இரத்தத்தில் உள்ள அளவையும் மிஞ்சிவிடுகிறது. விட்டு நீங்குவதும் மெல்லத்தான். தாய் வெளிக்காற்றுக்கு வந்துவிட்டால், நான்கைந்து மணி நேரத்தில் அவளது இரத்தத்திலுள்ள நச்சில் பாதி நீங்கிவிடும். குழந்தைக்கோ அதைவிட மிக நீண்ட நேரம் வேண்டும். தாய் தெளிந்து எழுந்து நடமாடும் வேளையிலும், உள்ளே குழந்தை மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கலாம். கடும் நச்சுத் தாக்கத்தில் தாய் பிழைத்தும் குழந்தை வயிற்றிலேயே இறந்த நிகழ்ச்சிகளையும், மூளை பாதிக்கப்பட்டுப் பிறந்த நிகழ்ச்சிகளையும் மருத்துவ நூல்கள் பதிவு செய்துள்ளன.

இதன் முதல் அறிகுறிகள் எவை? தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், வாந்தி, சோர்வு. கருவுற்ற பெண்ணிடம் இவற்றைக் கண்டால் மசக்கை என்று சொல்லாதவர் யார்? உண்மையில் பெரும்பாலும் அது மசக்கையாகவே இருக்கும். ஆனால் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. அடுப்பருகே இருக்கும்போது வந்து, வெளியே சென்றால் தெளியும் தலைவலியைச் சந்தேகிக்க வேண்டும். அதே வீட்டில் மற்றவர்களுக்கும் அதே நேரத்தில் தலை வலித்தால் சந்தேகம் உறுதிப்படும்.

நம் பெண்களின் இரத்தசோகையையும் இங்கு மறத்தலாகாது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. சுமக்கும் வண்டிகளே குறைவு. அவற்றிலும் சிலவற்றை நச்சு வாயு பிடித்துக்கொண்டால் குழந்தைக்குப் போய்ச்சேருவது எவ்வளவு?

நாள்தோறும் சிறுகச் சிறுகச் சுவாசிக்கும் அடுப்புப் புகை குறித்தும் அறிஞர்கள் ஆராய்ந்துள்ளனர். குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா ஆகிய நான்கு நாடுகளில் ஏறத்தாழ 3,200 கர்ப்பிணிகளைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வில், இந்தியப் பகுதி நம் தமிழ்நாட்டிலேயே, விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளில் நடைபெற்றது. சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தார் அதில் பங்கேற்றனர். ஒரு சாராருக்கு எரிவாயு அடுப்பு தரப்பட்டது. மறு சாரார் விறகடுப்பிலேயே சமைத்தனர். 2022இல் வெளியான முடிவில், எரிவாயு பெற்ற வீடுகளில் புகை வெகுவாகக் குறைந்திருந்தபோதிலும், குழந்தைகளின் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. உண்மையை மறைப்பது நமக்கு அழகன்று; ஆகையால் இதனையும் சொல்கிறேன். அடுப்பை மாற்றினாலே எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணற்க; தாயின் உணவும் ஓய்வும் மருத்துவக் கவனிப்பும் உடன் வேண்டும் என்பதே நாம் கொள்ளவேண்டிய பாடம். ஆனால் அடைத்த அறையில் கரி கனலவிடுவது இதனினும் வேறான, உடனடியான ஆபத்து. அதற்கு அந்த ஆய்வு எவ்வகையிலும் சமாதானம் ஆகாது.

இனி, நாம் செய்யத் தக்கவை யாவை?

கரியடுப்பையும் தணல் சட்டியையும் அடைத்த அறைக்குள் வைக்கவே கூடாது. பிரசவித்த தாய்க்கும் பச்சிளங் குழந்தைக்கும் குளிர் படாதிருக்கக் கட்டிலடியில் கனல் வைக்கும் வழக்கம் எங்கேனும் இருந்தால் அதனை விட்டொழிக்க வேண்டும். குழந்தைக்குச் சாம்பிராணி போடுவோரும் அந்தக் கரியின் தன்மையை நினைத்துப் பார்க்க வேண்டும். விறகடுப்பை விட வழியில்லாதோர், அதனைத் திறந்த தாழ்வாரத்துக்கு மாற்றலாம். புகைபோக்கி உள்ள வீட்டில் அது அடைபட்டிருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்கலாம். 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் எரிவாயு இணைப்புப் பெற்றும், உருளையின் விலைக்கு அஞ்சி அதனை மூலையில் வைத்திருப்போர் உண்டு. கர்ப்ப காலத்திலாவது அந்த உருளை மருமகளுக்குப் பயன்படட்டும்.

2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் வெள்ளத்தில் மூழ்கியபோது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நாம் மறக்கவில்லை. மின்சாரம் இன்றி, எல்லாம் நனைந்த அத்தகைய நாள்களில், வீட்டுக்குள் கரி மூட்டவும் ஜெனரேட்டரை இயக்கவும் மனம் துணியும். ஜெனரேட்டரின் புகையிலும் இதே நஞ்சு உண்டு. அதனை வீட்டுக்கு வெளியே, சன்னலுக்கு எட்டத் தள்ளியே வைக்க வேண்டும்.

கரிமூட்டத்தில் வேலை செய்யும் சகோதரிகள், கருவுற்ற மாதங்களில் மூட்டம் காக்கவும் பிரிக்கவும் செல்லாதிருப்பது நலம். கூலி போகுமே என்னும் கவலை எனக்கும் புரிகிறது. டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில், பரிசுப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாய் அளவுக்கு அரசு உதவி கிடைக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் உரிய காலத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். மூட்டத்தின் உடைமையாளர்களும் அம்மாதங்களில் அவர்களுக்கு வேறு எளிய வேலை கொடுத்தல் மனிதாபிமானம்.

எவரேனும் மயங்கிக் கிடந்தால், முதலில் அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, 108க்கு அழையுங்கள். கர்ப்பிணியாயின், அவள் தெளிந்துவிட்டாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றே ஆகவேண்டும். "அறையில் கரி எரிந்தது" என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். விரலில் மாட்டும் கருவி இந்த நச்சைப் பிராணவாயுவென்றே தவறாகக் காட்டக்கூடும். இரத்தப் பரிசோதனையே உண்மையைக் காட்டும். பிராணவாயு சிகிச்சையை, தாய்க்குத் தேவையான நேரத்தையும் தாண்டிக் குழந்தைக்காக நெடுநேரம் தொடர்வர். "நன்றாகத்தானே இருக்கிறாள்" என்று இடையில் அழைத்து வந்துவிடாதீர்கள்.

அன்று நான் கண்ட அந்த வீட்டில், மறுமுறை சென்றபோது குமுட்டி அடுப்பு தாழ்வாரத்தில் இருந்தது. வைத்தவர் அந்த மாமியாரேதான். "மசக்கை வந்தால் போகும் சாமி, மருமகள் சொன்னதைக் கேட்காமல் இருந்துவிட்டேனே" என்றார். கர்ப்பிணி ஒருத்தி "தலை வலிக்கிறது" என்று சொன்னால், எப்போது வலிக்கிறது, எங்கே வலிக்கிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வயிற்றிலுள்ள பிள்ளை தானாகச் சொல்ல இயலாததைத் தாயின் வாய் சொல்லிக்கொண்டிருக்கலாம்.