புள்ளிகளில் கிடைக்கும் உயர்வகுப்பு விமானப் பயணம்: உண்மையான விலை என்ன?

பெங்களூருவில் எமது வங்கியின் கிளை ஒன்றில் கடன் பிரிவைக் கவனித்துவந்த காலத்தில், வீட்டுக்கடன் கேட்டு ஓர் இளைஞர் வந்தார். தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தில் பணி, நல்ல ஊதியம், திருச்சியில் பெற்றோருக்காக ஓர் அடுக்குமாடி வீடு வாங்க விருப்பம். ஆவணங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது பேச்சு பயணத்தின் பக்கம் திரும்பியது. படுக்கையாக விரிந்திருந்த பிசினஸ் கிளாஸ் இருக்கையின் படத்தைக் கைப்பேசியில் காட்டி, "இந்த டிக்கெட்டுக்கு நான் பணமே கொடுக்கவில்லை சார், எல்லாம் கார்டு பாயிண்ட்" என்றார்.

சிறிது நேரத்தில் அவருடைய கடன் தகவல் அறிக்கை என் மேசைக்கு வந்தது. நான்கு கடன் அட்டைகள். அவற்றுள் இரண்டில் நிலுவை மாதந்தோறும் தொடர்ந்து வந்திருந்தது. மூன்று முறை தவணைத் தேதி தவறியிருந்தது. மொத்த நிலுவை 4 இலட்சத்து 30 ஆயிரம் ரூபாய். வீட்டுக்கடனை அப்போது எங்களால் வழங்க இயலவில்லை.

அவர் ஊதாரி அல்லர். கணக்கு தெரியாதவரும் அல்லர். புள்ளிகளைத் திரட்டும் கலையில் என்னைவிட அவருக்கே அதிகம் தெரிந்திருந்தது. கணக்கின் ஒரு பக்கத்தை மட்டுமே அவர் எழுதிவந்தார். மறுபக்கத்தையும் சேர்த்து எழுதிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

புள்ளிகள் எங்கிருந்து வருகின்றன?

விமானப் பயணத்துக்கு மைல் கணக்கில் வெகுமதி அளிக்கும் முறை பரவலானது 1981ஆம் ஆண்டில். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் அவ்வாண்டு மே மாதத்தில் 'அட்வான்டேஜ்' திட்டத்தைத் தொடங்கியது. 1987இல் சிட்டி வங்கி அத்திட்டத்துடன் இணைந்த கடன் அட்டையை வெளியிட்டது. அதன் பிறகு விமானத்தில் ஏறாமலேயே, கடையில் பொருள் வாங்கியே மைல்களைச் சேர்க்க முடிந்தது. இந்தியாவில் ஏர் இந்தியாவின் 'ஃப்ளையிங் ரிட்டர்ன்ஸ்' திட்டம் 1994இல் வந்தது. இன்று அது 'மகாராஜா கிளப்' என்னும் பெயரில் நடைபெறுகிறது.

புள்ளிகள் இலவசமாகப் பிறப்பதில்லை. நீங்கள் அட்டையைத் தேய்க்கும்போது கடைக்காரர் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் ஏறத்தாழ இரண்டு ரூபாயைக் கட்டணமாக விட்டுக்கொடுக்கிறார். அட்டை வழங்கிய வங்கி, அட்டை வலையமைப்பு, கடைக்காரரின் வங்கி ஆகிய மூவரும் அதனைப் பகிர்ந்துகொள்கின்றனர். அட்டைக்கான ஆண்டுக் கட்டணம் மற்றொரு வருவாய். நிலுவையை முழுமையாகச் செலுத்தாதவர்கள் கட்டும் வட்டி மூன்றாவது வருவாய். இவற்றின் ஒரு பகுதியைக் கொண்டே வங்கி புள்ளிகளை வழங்குகிறது. விமான நிறுவனத்திடமிருந்து மைல்களை மொத்தமாக விலைக்கு வாங்குகிறது. விமான நிறுவனமோ விற்காமல் போகக்கூடிய இருக்கைகளில் சிலவற்றை மைல்களுக்கென ஒதுக்குகிறது.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். உரிய தேதியில் முழுத் தொகையையும் செலுத்துபவர் பெறும் வெகுமதியில், வட்டி கட்டும் மற்றொருவரின் பணமும் கலந்திருக்கிறது. அவ்விருவரில் நாம் யார் என்பதே முதற்கேள்வி.

அன்றாடச் செலவு மட்டும் போதுமா?

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். மாதம் 40,000 ரூபாய் அட்டையில் செலவிடும் ஒருவருக்கு நூறு ரூபாய்க்கு 2 மைல் வீதம் கிடைப்பதாகக் கொள்வோம். மாதம் 800 மைல். ஆண்டுக்கு 9,600 மைல். தென்கிழக்கு ஆசிய நகரம் ஒன்றுக்கு ஒருவழி பிசினஸ் கிளாஸ் இருக்கைக்கு 45,000 மைல் தேவை என்றால், அவர் நான்கரை ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். அதற்குள் முதலில் சேர்த்தவை காலாவதியாகிவிடவும் கூடும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் 'கிரிஸ்ஃப்ளையர்' மைல்கள், பொதுவாக ஈட்டியதிலிருந்து 36 மாதங்களே செல்லும்.

ஆகவே, ஓராண்டில் இரண்டு மூன்று முறை உயர்வகுப்பில் பறக்கும் இளைஞர்கள் அன்றாடச் செலவை மட்டும் நம்புவதில்லை. புதிய அட்டைக்கான வரவேற்புப் புள்ளிகள், குறிப்பிட்ட செலவு இலக்கைத் தொட்டால் கிடைக்கும் கூடுதல் புள்ளிகள், வங்கியின் தளத்தில் பரிசுச்சீட்டு வாங்கினால் கிடைக்கும் பன்மடங்குப் புள்ளிகள், நண்பர்களின் செலவைத் தம் அட்டையில் ஏற்றிப் பிறகு பணமாகப் பெற்றுக்கொள்ளுதல் ஆகியவையே அவர்களுடைய வழிகள்.

இவற்றுள் முதல் மூன்றும் திட்டத்தின் விதிகளுக்கு உட்பட்டவை. நான்காவதில் கவனம் தேவை. தனிப்பட்ட செலவுக்கான அட்டையில் பிறருக்காகப் பணத்தைச் சுழற்றுவது தெரியவந்தால், வங்கி புள்ளிகளை நிறுத்திவைக்கலாம்; அட்டையையே முடக்கலாம். மேலும், ஒரு நிதியாண்டில் 10 இலட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் அட்டை நிலுவையாகச் செலுத்தியவர்களின் விவரத்தை வங்கிகள் வருமான வரித்துறைக்குத் தெரிவிக்கின்றன. நண்பர்களின் செலவும் உங்கள் செலவாகவே அங்கே பதிவாகும். வருமானத்துக்கும் செலவுக்கும் பொருத்தம் கேட்கப்பட்டால் விளக்கம் தர வேண்டியவர் நீங்களே.

ஒரு மைலின் மதிப்பு

70,000 ரூபாய் விலையுள்ள பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டை 45,000 மைலும் வரிகளுக்காக 8,000 ரூபாயும் கொடுத்து வாங்கியதாக வைத்துக்கொள்வோம். மிச்சம் 62,000 ரூபாய். அதாவது மைல் ஒன்றுக்குச் சுமார் 1 ரூபாய் 38 காசு. இளைஞர்கள் பெருமையுடன் சொல்வது இக்கணக்கைத்தான்.

ஆனால், மைல்கள் இல்லாதிருந்தால் 70,000 ரூபாய் கொடுத்து அந்த டிக்கெட்டை வாங்கியிருப்பீர்களா? பெரும்பாலோர் 20,000 ரூபாய்க்கு எகானமி டிக்கெட்டையே வாங்கியிருப்பர். அப்படியானால் உங்கள் கையில் உண்மையாக மிஞ்சியது 12,000 ரூபாய். மைல் ஒன்றுக்கு 27 காசு. எஞ்சியது வசதியின் இன்பம். அது பொருளற்றது என்று சொல்ல மாட்டேன். ஆயினும் அதனைச் சேமிப்பு என்று எழுதிக்கொள்ளக் கூடாது. 10,000 ரூபாய் ஆண்டுக் கட்டணமுள்ள அட்டைக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்து 11,800 ரூபாய் செலுத்துகிறோம் என்பதையும் இதே தாளில் எழுத வேண்டும்.

ஒரு மாதத் தவறு என்ன செய்யும்?

கணக்கின் மறுபக்கம் இதுதான். கடன் அட்டையின் வட்டியில்லாக் காலம், முந்தைய நிலுவை முழுவதையும் செலுத்தியவருக்கே உரியது. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் தாமதக் கட்டணம் தவிர்க்கப்படும், வட்டி தவிர்க்கப்படாது. அவ்வட்டியும் தவணைத் தேதியிலிருந்து அன்று, பொருள் வாங்கிய நாளிலிருந்தே கணக்கிடப்படும். நிலுவை இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி உண்டு.

ஜூலை 1 அன்று ஒரு இலட்சம் ரூபாய்க்கு அட்டையில் பொருள் வாங்கியதாகக் கொள்வோம். ஜூலை 20 அன்று பில் வருகிறது. தவணைத் தேதியான ஆகஸ்டு 9 அன்று குறைந்தபட்சத் தொகையாக 5,000 ரூபாய் மட்டும் செலுத்துகிறீர்கள். வட்டி மாதம் 3.5 விழுக்காடு, அதாவது ஆண்டுக்கு 42 விழுக்காடு.

ஆகஸ்டு 20 அன்று அடுத்த பில் வரும்போது, ஒரு இலட்சத்துக்கு 39 நாள் வட்டி 4,488 ரூபாய். 95,000 ரூபாய்க்கு 11 நாள் வட்டி 1,202 ரூபாய். இவற்றின் மீது ஜிஎஸ்டி 1,024 ரூபாய். ஆக மொத்தம் 6,714 ரூபாய். ஐயாயிரம் கட்டிய பிறகும் நிலுவை 1,01,714 ரூபாயாக நிற்கிறது. அந்த ஒரு இலட்சம் ரூபாய்ச் செலவுக்குக் கிடைத்ததோ 2,000 மைல். மைல் ஒன்றுக்கு ஒரு ரூபாய் என்று தாராளமாக மதிப்பிட்டாலும் 2,000 ரூபாய்.

மேற்சொன்ன இளைஞரிடம் இக்கணக்கை ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் காட்டினேன். அவர் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "செலவு இலக்கைத் தொட வேண்டும் என்பதற்காகவே புதிய கைப்பேசி வாங்கினேன் சார்" என்றார். வெகுமதிக்காகச் செலவு என்று தலைகீழாகும் இடத்தில்தான் பலர் சறுக்குகின்றனர்.

புள்ளி, வைப்புத்தொகை அன்று

வங்கியில் வைக்கும் பணத்துக்கு வட்டி உண்டு. ஐந்து இலட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடும் உண்டு. புள்ளிகளுக்கு இவ்விரண்டும் இல்லை. எத்தனை புள்ளிக்கு ஒரு மைல், எத்தனை மைலுக்கு ஓர் இருக்கை என்பவற்றை வழங்குபவர்கள் மாற்றியமைக்கலாம். வாடகை, எரிபொருள், பணப்பை நிரப்புதல் போன்ற செலவுகளுக்குப் பல அட்டைகளில் புள்ளிகள் கிடையா. விமான நிலைய லவுஞ்ச் வசதிக்கும் குறிப்பிட்ட அளவு செலவு செய்திருக்க வேண்டும் என்னும் நிபந்தனை பல அட்டைகளில் வந்துவிட்டது.

விமான நிறுவனங்களும் நிலையானவை அல்ல. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று தன் சேவையை நிறுத்தியது. அதன் விமானங்களில் உயர்வகுப்பில் பறக்கலாம் என்று மைல் சேர்த்துவைத்தவர்களின் திட்டம் அன்றோடு நின்றது. விஸ்தாரா 2024 நவம்பர் 12 அன்று ஏர் இந்தியாவுடன் இணைந்தது. அதன் உறுப்பினர்கள் புதிய திட்டத்தின் விதிகளுக்கு மாற வேண்டியதாயிற்று. எனவே புள்ளிகளை ஆண்டுக்கணக்கில் பூட்டிவைப்பது சிக்கனம் ஆகாது. இருக்கை உறுதியாகக் கிடைக்கிறதா என்று பார்த்த பிறகே வங்கிப் புள்ளிகளை மைலாக மாற்ற வேண்டும். மாற்றியவை பெரும்பாலும் திரும்பி வாரா.

யாருக்கு இது நன்மை?

அதே கிளையின் வாடிக்கையாளரான ஓர் இளம் பெண்ணையும் இங்கே குறிப்பிட வேண்டும். தணிக்கைப் பணிக்காக அடிக்கடி வெளியூர் செல்பவர். விடுதி, பயணச் செலவுகளைத் தம் அட்டையில் செலுத்துவார்; நிறுவனம் அத்தொகையைத் திருப்பித் தரும். ஒரே அட்டை, முழு நிலுவையும் சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகச் செல்லும்படி எழுதிக் கொடுத்திருந்தார். மூன்றாண்டுகளில் சேர்ந்த மைல்களைக் கொண்டு தமக்கு ஓர் உயர்வகுப்பு இருக்கை எடுப்பதா, பெற்றோரைச் சாதாரண வகுப்பில் சிங்கப்பூருக்கு அழைத்துச் செல்வதா என்று யோசித்து, இரண்டாவதைத் தேர்ந்தார். அவருடைய தந்தைக்கு அதுவே முதல் விமானப் பயணம். ஒரு ரூபாயும் வட்டி கட்டாமல் சேர்த்த புள்ளிகள் அவை.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. முழு நிலுவையும் தவணைத் தேதியில் தானாகச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள். குறைந்தபட்சத் தொகைக்கு அவ்வாறு ஏற்பாடு செய்வது போதாது.

2. எந்த ஒரு மாதமேனும் முழுத் தொகையைச் செலுத்த இயலாமற்போனால், நிலுவை தீரும்வரை அட்டையைப் பயன்படுத்தாதீர்கள்.

3. வெளிநாட்டில் செலவிடுமுன் அந்நியச் செலாவணிக் கட்டணத்தைப் பாருங்கள். 3.5 விழுக்காடு என்றால் ஜிஎஸ்டியுடன் 4.13 விழுக்காடு, அங்கே கிடைக்கும் புள்ளிகளின் மதிப்பு அதைவிடக் குறைவாக இருக்கலாம்.

4. ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகளின்படி, தவணைத் தேதி கடந்து மூன்று நாட்களுக்கு மேல் ஆன பிறகே தாமதக் கட்டணம் விதிக்கலாம். மறதியால் தேதி தவறினால் அம்மூன்று நாட்களுக்குள் செலுத்திவிடுங்கள்.

5. வேண்டாத அட்டையை மூடக் கோரினால், நிலுவை இல்லாத நிலையில் ஏழு வேலை நாட்களுக்குள் வங்கி அதனை மூட வேண்டும்; தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். மூடுமுன் மீதமுள்ள புள்ளிகளைப் பயன்படுத்திவிடுங்கள்.

6. வீட்டுக்கடன் பெறும் எண்ணம் இருப்பின், அதற்கு முந்தைய மாதங்களில் வரவேற்புப் புள்ளிகளுக்காகப் புதிய அட்டைகளுக்கு விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் உங்கள் கடன் தகவல் அறிக்கையில் பதிவாகிறது.

அந்த இளைஞர் மூன்று அட்டைகளை மூடினார். நிலுவையைக் குறைந்த வட்டியுள்ள தனிநபர் கடனாக மாற்றி, பதினெட்டு மாதங்களில் அடைத்து முடித்தார். மீண்டும் வந்து வீட்டுக்கடனுக்கு விண்ணப்பித்தபோது தடையின்றி வழங்கினோம். ஆனால், முன்பு அவர் பார்த்துவைத்திருந்த வீடு அதற்குள் விற்றுப்போயிருந்தது. வேறொரு வீட்டைக் கூடுதல் விலைக்கு வாங்கினார். பணமே கொடுக்கவில்லை என்று அவர் சொன்ன அந்தப் பயணத்தின் கணக்கில் இத்தொகையையும் சேர்த்தே எழுத வேண்டும்.