காணிக்கைத் தட்டும் வருமான வரியும்

இங்கிலாந்து தேசத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனைக்குச் செல்பவர்கள், பிரார்த்தனைக்கு நடுவே காணிக்கைத் தட்டு வரிசை வரிசையாகச் சுற்றி வருவதைக் காணலாம். அதில் விழுபவை காசும் நோட்டும் மட்டுமல்ல. சிறு காகித உறைகளும் விழுகின்றன. உறையின்மேல் ஓர் எண் இருக்கும். அல்லது பெயரும் வீட்டு விலாசமும் எழுத இடம் விட்டு, ‘நான் வரி செலுத்துகிறவன்’ என்ற பொருளில் ஒரு வாக்குமூலம் அச்சிட்டிருக்கும். கடவுளுக்குக் கொடுக்கும் காணிக்கையில் வரிக்கு என்ன வேலை என்று நம்மவர்களுக்குத் தோன்றுவது இயல்பே. ஆனால் அந்தச் சின்ன உறையை நம்பித்தான் எத்தனையோ தேவாலயங்களின் கூரை ஒழுகாமல் இருக்கிறது.

‘கிஃப்ட் எய்ட்’ என்பது இந்த ஏற்பாட்டின் பெயர். இதன் தத்துவம் எளியது. ஒருவர் தர்மத்துக்குக் கொடுத்த பணத்தின்மேல் சர்க்கார் வரி வாங்கலாகாது. வாங்கியிருந்தால் அதைத் தர்ம ஸ்தாபனத்துக்கே திருப்பிவிட வேண்டும். அந்நாட்டில் அடிப்படை வருமான வரி நூற்றுக்கு 20. ஆகவே ஒருவர் கையிலிருந்து 100 பவுன் கொடுத்தால், வரி பிடிக்குமுன் அது 125 பவுனாக இருந்தது என்று கொள்கிறார்கள். மிச்சமான 25 பவுனைத் தேவாலயம் வரி இலாகாவிடம் கேட்டுப் பெற்றுக்கொள்கிறது. கொடுத்தவருக்கு மேற்கொண்டு செலவு ஒன்றுமில்லை. சமீப வருஷங்களில் இவ்வாறு ஸ்தாபனங்களுக்குத் திரும்பிய தொகை ஆண்டுக்கு 150 கோடி பவுனுக்கும் மேல்!

பணக்காரர் விஷயத்தில் கணக்கு இன்னும் சற்றுச் சுவாரஸ்யமாகிறது. நூற்றுக்கு 40 வீதம் வரி கட்டுகிறவர் அதே 100 பவுனைக் கொடுத்தால், ஸ்தாபனத்துக்கு 25 பவுன் போவது போக, அவரும் தம் வரிக் கணக்கில் 25 பவுன் கழித்துக்கொள்ளலாம். (ஸ்காட்லாந்தில் வரி விகிதங்கள் வேறாகையால் இந்தக் கணக்கும் அங்கே சிறிது மாறும்.) ஆக, 125 பவுன் தர்மம் செய்த புண்ணியம் அவருக்கு 75 பவுனுக்குக் கிடைத்துவிடுகிறது. இதைக் குறை சொல்பவர்களும் அந்நாட்டில் இல்லாமலில்லை.

இந்தச் சலுகை நேற்று முளைத்ததன்று. எலிஸபெத் ராணியின் காலத்தில், 1601-ல் இயற்றிய ஒரு சட்டத்தின் முகவுரையிலேயே எவையெவை தர்மம் என்று ஒரு ஜாபிதா இருக்கிறது. வயோதிகர்க்கும் ஏழைகளுக்கும் உதவி, காயம்பட்ட சிப்பாய்களின் பராமரிப்பு, பள்ளிக்கூடங்கள், பாலங்களையும் தேவாலயங்களையும் பழுது பார்த்தல், அநாதைகளின் கல்வி, ஏழைப் பெண்களின் விவாகம்! கடைசி விஷயத்தைப் படிக்கும்போது நம் ஊர்த் தர்மவான் யாராவது அங்கே போய்ச் சட்டம் எழுதிக் கொடுத்தாரோ என்று தோன்றுகிறது. 1799-ல் பிட் முதன்முதலாக வருமான வரி விதித்தபோதே தர்ம ஸ்தாபனங்களுக்கு விலக்கு அளித்தார். பிறகு கைவிடப்பட்ட அந்த வரியை 1842-ல் பீல் மீண்டும் கொண்டுவந்தபோது விலக்கும் கூடவே வந்தது.

அதை எடுத்துவிட முயன்றவர் கிளாட்ஸ்டன். 1863-ல் நிதி மந்திரியாக இருந்த அவர், தர்ம ஸ்தாபனங்களின் சொத்து வருமானத்துக்கும் வரி உண்டு என்றார். அவருடைய வாதத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. ஒருவருக்கு வரியைத் தள்ளிக் கொடுத்தால் அந்தச் சுமை மற்றவர் தலையில் ஏறுகிறது. ஆகவே விலக்கு என்பது சர்க்கார் கொடுக்கும் நன்கொடையேயாகும். பார்லிமெண்டு வருஷந்தோறும் ஆராய்ந்து பாராமல் கொடுக்கும் நன்கொடை. அதிலும், மரணப் படுக்கையில் எழுதிவைத்துவிட்டுப் போகிறவர் தமக்கென்று எதை இழந்தார் என்றும் கேட்டார். பிரமுகர்கள் கூட்டமாகத் திரண்டுவந்து ஆட்சேபித்தார்கள். சபையிலும் ஆதரவு கிட்டவில்லை. யோசனை வாபஸாயிற்று.

ஆயினும் வரி அதிகாரிகள் சும்மா இருக்கவில்லை. மொரேவிய சபை என்னும் கிறிஸ்தவ சபை, அயல்நாடுகளில் மதப் பிரசாரம் செய்வதற்கென்று வைத்திருந்த சொத்தின் வருமானத்துக்கு வரியைத் திருப்பித் தர அவர்கள் மறுத்தார்கள். ஏழைக்குச் சோறு போட்டால்தான் தர்மம், உபதேசம் தர்மமாகுமா என்பது அவர்கள் கட்சி. வழக்குப் பிரபுக்கள் சபை வரையில் சென்றது. 1891-ல் மக்னாட்டன் பிரபு அளித்த தீர்ப்பில், வறுமை நீக்கம், கல்வி, மத வளர்ச்சி, சமூகத்துக்கு நன்மை பயக்கும் பிற காரியங்கள் ஆகிய நான்குமே தர்மம் என்று வகுத்தார். பெம்ஸெல் வழக்கு என்று பெயர் பெற்ற அதைச் சட்டம் படிப்பவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

இவையெல்லாம் ஸ்தாபனத்தின் சொந்த வருமானத்தைப் பற்றியவை. தனி மனிதர் கொடுப்பதற்குச் சலுகை வேறு வழியாக வந்தது. 1922 முதல், ஏழு வருஷம் தவறாமல் கொடுப்பதாகப் பத்திரம் எழுதிக் கையொப்பமிட்டவரின் பணத்துக்கு வரி திரும்பியது. 1980-ல் ஏழு நான்காகக் குறைந்தது. 1990-ல்தான் பத்திரம் இல்லாமல் ஒரே தடவை கொடுப்பதற்கும் சலுகை வந்தது. ஆனால் 600 பவுனுக்குக் குறைந்தால் கிடையாது! நடுத்தரக் குடும்பத்துக்கு அது எட்டாக் கனிதான். அந்த வரம்பு படிப்படியாக இறங்கி, 2000-ஆம் ஆண்டில் அடியோடு நீங்கியது. அதற்குப் பிறகே காகித உறைக்கு இத்தனை மகிமை.

கோயில் பொருளாளரின் பாடு சொல்லி முடியாது. ஒவ்வோர் உறையும் யாருடையது என்று பதிவேட்டில் ஏற்ற வேண்டும். கொடுத்ததற்குப் பதிலாக ஏதேனும் பெற்றிருந்தால் அது காணிக்கையாகாது. லாட்டரிச் சீட்டு வாங்கியதும், கோயில் சந்தையில் பழப்பாகு வாங்கியதும், விவாகத்துக்குக் கட்டிய கட்டணமும் கணக்கில் சேரா. மிருகக்காட்சிச்சாலை போன்றவற்றை நடத்தும் தர்ம ஸ்தாபனங்களுக்கு ஒரு வேடிக்கையான விதி உண்டு. நுழைவுக் கட்டணத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு அதிகமாகக் கொடுத்துவிட்டால், முழுத் தொகையையுமே நன்கொடையாகக் கொள்ளலாமாம்!

இனி, ஏழைகளின் விஷயம். பைபிளில் வரும் கைம்பெண் தன்னிடமிருந்த இரண்டு காசையும் போட்டுவிட்டாள். மற்ற எல்லாரையும்விட அவளே அதிகம் கொடுத்தாள் என்றார் ஏசுநாதர். பிரிட்டிஷ் வரிச் சட்டமோ அவளை வெகுகாலம் கவனிக்கவேயில்லை. வருஷ வருமானம் 12,570 பவுனுக்கு உட்பட்டவருக்குப் பொதுவாக வருமான வரி கிடையாது. கட்டாத வரியை எப்படித் திருப்புவது? அப்படிப்பட்டவர் விவரம் தெரியாமல் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால், ஸ்தாபனம் பெற்ற தொகைக்கு அவரே பொறுப்பாளியாகிறார். ஆகவே செல்வரின் நூறு 125 ஆகும். ஏழைக் கிழவியின் ஒரு பவுன் ஒரு பவுனாகவே நிற்கும்.

2013-ல் இதற்கு ஓரளவு பரிகாரம் பிறந்தது. தட்டில் விழும் சில்லறைக்கு, கொடுத்தவர் யார், வரி கட்டினவரா என்று கேளாமலே நூற்றுக்கு 25 வீதம் சர்க்கார் சேர்த்துக் கொடுக்கும் சிறுதொகைத் திட்டம் அது. முதலில் ஒரு காணிக்கை 20 பவுனுக்கு மேற்படலாகாது என்றிருந்தது. 2019-ல் 30 ஆயிற்று. வருஷத்துக்கு 8,000 பவுன் வரையில் இப்படிக் கணக்குக் காட்டலாம். ஆனால் அதில் பத்தில் ஒரு பங்குக்காவது பெயர் விலாசத்தோடு உறைக் காணிக்கை வந்திருக்க வேண்டும். இந்தச் சலுகைகள் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியவை அல்ல. லண்டன் ஹைகேட் முருகன் கோயிலும் விம்பிள்டன் கணபதி கோயிலும் பதிவு பெற்ற தர்ம ஸ்தாபனங்களே. பக்தர் உறையில் பெயர் எழுதிக் கொடுத்தால் முருகனுக்கும் அந்த 25 உண்டு.

கிளாட்ஸ்டனின் கேள்வி மட்டும் ஓயவில்லை. 2012 மார்ச்சில் நிதி மந்திரி ஆஸ்பர்ன், 50,000 பவுன் அல்லது வருமானத்தில் கால்பங்கு, இவற்றில் எது அதிகமோ அதற்குமேல் எவரும் வரிச் சலுகை பெறலாகாது என்று வரம்பு கட்டினார். அதில் நன்கொடையையும் சேர்த்தார். பெருந்தொகை கொடுக்கும் பிரபுக்கள் கையை மடக்கிக்கொள்வார்கள் என்று தர்ம ஸ்தாபனங்கள் அலறின. எந்த ஆஸ்பத்திரி ஆராய்ச்சிக்கு, எந்தக் கலாசாலைக்குப் பொதுப் பணம் போகவேண்டும் என்பதைச் செல்வர்களா தீர்மானிப்பது என்று மறுதரப்பார் கேட்டார்கள். இரண்டிலும் நியாயம் உண்டு என்றாலும், தானாகக் கொடுக்க வந்த கையைத் தடுப்பதால் ஏழைக்கு லாபம் வருமென்று நமக்குத் தோன்றவில்லை. மே 31-ந் தேதி நன்கொடைகளுக்கு அந்த வரம்பு இல்லை என்று மந்திரி அறிவித்தார். மற்றச் சலுகைகள் சிலவற்றுக்கு அடுத்த ஆண்டே அது அமலுக்கு வந்தது.